இல்லாத கால்வலி

மனைவியின் குதிகால் வலிக்கு வீட்டுக்குள்ளும் செருப்புப் போட்டு நடக்கச் சொல்லிவிட்டார் டாக்டர். நேற்று கடைவீதியில் ஒரு ஜோடி வாங்கி வந்தாள். புது ரப்பர் வாசனையோடு அவள் சமையலறைக்குள் போனபோது நான் பார்த்த பார்வை சரியில்லை போலிருக்கிறது.

"இன்னாங்க அப்படிப் பாக்கறீங்க? வூட்டுக்குள்ள போடறதுக்குன்னே வாங்கினது."

எனக்கு ஸ்லோவாகியா ஞாபகம் வந்துவிட்டது.

சில வருடங்களுக்கு முன் விருத்தாசலம் பீங்கான் பட்டறைகளிலிருந்து இரண்டு பேரை ஒரு வாரப் பயிற்சிக்கு அங்கே அனுப்பினார்கள். நானும் சேத்தியாத்தோப்பு குமாரும் போனோம். நாங்கள் போய் இறங்கியதும் மண் குழைத்துப் பிழைக்கிற ஊர்தான். வெள்ளைத் தட்டில் நீலப் பூ வரைகிறார்கள். பட்டறைக்குள் நுழைந்ததும் அதே ஈர மண் வாசனை. நாட்குறிப்பில் எழுதிக்கொண்டேன். குளிர் எத்தனை டிகிரி, என்ன சாப்பிட்டேன், எல்லாம் எழுதுகிறவன் நான். வீட்டில் இதற்குக் கேலி உண்டு.

ஒரு மாலை, பட்டறைக்காரரின் தாய் மரியா எங்களைச் சாப்பிட அழைத்தார். வாசலிலேயே ஷூவைக் கழற்றச் சொன்னதும், நம்ம ஆட்கள்தான் என்று மகிழ்ந்தேன். கழற்றியதும் விருந்தாளிக்கு வீட்டுச் செருப்பு தருவது அவர்கள் வழக்கம். மரியா அலமாரியைத் திறந்து பழுப்பு நிறக் கம்பளிச் செருப்பு ஒன்றை எடுத்து என்முன் வைத்தார். மகன் ஆங்கிலத்தில் விளக்கினார்: அப்பாவுடையது, அவர் இறந்த பிறகு அம்மா இதை யாருக்கும் கொடுத்ததில்லை.

நான் பின்வாங்கினேன்.

"போட்டுக்குங்கண்ணே, காத்துக்கிட்டு நிக்கறாங்க பாருங்க."

"செத்தவரு செருப்புடா. நான் கால வைக்க மாட்டேன்."

"பல்லக் காட்டிக்கிட்டாவது சொல்லுங்க. மூஞ்சியப் பாத்தே புரிஞ்சுக்குவாங்க."

என்ன விஷயம் என்று மகன் கேட்டார். அண்ணனுக்குக் கால் வீங்கி வலிக்கிறது என்று குமார் சொல்லிவிட்டான். மறுத்திருக்கலாம். தலையாட்டினேன்.

மரியா செருப்பை உள்ளே வைத்துவிட்டுப் போனார். பிழைத்தோம் என்று உட்கார்ந்தேன். அடுப்பில் உருளைக்கிழங்கு உருண்டை வெந்துகொண்டிருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு, ஒரு தொட்டியில் உப்புப் போட்ட வெந்நீரோடு வந்தார். எழுபதைத் தாண்டியவர், மேசையைப் பிடித்து மண்டியிட்டு, ஒரு குறையும் இல்லாத என் கால்களைத் தூக்கித் தண்ணீரில் வைத்தார். குமார் சுவரைப் பார்த்தான்.

நேற்று நாட்குறிப்பில் அந்தப் பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். "மாலை 6.40, மரியா அம்மாள் வீடு. உருளைக்கிழங்கு உருண்டை, ஆட்டுப்பால் சீஸ். கால்வலி. வெந்நீர்." என் கையெழுத்துதான். மற்றதெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது.

போன வருடம் மகனிடமிருந்து செய்தி வந்தது. அம்மா போய்விட்டார், வீட்டையும் விற்றாயிற்று. உங்கள் கால் எப்படி இருக்கிறது என்று கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார் என்று முடித்திருந்தார்.

"இப்பவாவது நெசத்த எழுதிடுங்கண்ணே" என்றான் குமார்.

ஒரு மணி நேரம் எழுதி எழுதி அழித்தேன். கடைசியில் அனுப்பியது இவ்வளவுதான்: "முழுதாகக் குணமாகிவிட்டது. நன்றி."