ஸ்டிக்கருக்கு அடியில் இருந்த வருஷம்

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு புத்தகக் கடையில் வேலை பார்த்தேன். ராஜபாளையத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போவேன். அங்கே, விற்காமல் தங்கிப்போன போலீஸ் தேர்வு கைடுகளுக்கு ஒரு வைத்தியம் உண்டு. அட்டையில் இருக்கும் வருஷத்தின் மேல் புது வருஷம் அச்சடித்த ஸ்டிக்கரை ஒட்டிவிடுவோம். முழுப் பூசணிக்காயை மறைக்கச் சோறாவது வேண்டும். எங்களுக்குப் பெருவிரல் அகலக் காகிதம் போதும். ஒட்டுவது என் வேலை. கோணாமல் ஒட்டுகிறேன் என்று முதலாளி மெச்சுவார்.

"உள்ள எல்லாம் ஒண்ணுதான். கணக்கும் பொது அறிவும் வருசா வருசம் மாறவா போகுது?" என்பார். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. அப்படிப் படுவது வசதியாகவும் இருந்தது.

ஒருநாள் சுந்தரபாண்டியத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். மைதானத்தில் ஓடிவிட்டு நேராக வந்திருந்தாள், ஷூவெல்லாம் செம்மண்.

"எது நல்லாருக்கும்னு நீங்களே பாத்துக் குடுங்கக்கா. எனக்கு இதுதான் கடைசி வருசம். பொறவு வயசு தாண்டிரும்."

ஸ்டிக்கர் ஒட்டியதை எடுத்துக் கொடுத்தேன். "இந்த வருசத்துதுதான், தைரியமா வாங்கிட்டுப் போ" என்றும் சொன்னேன்.

நாலு நாள் கழித்துப் புதுப் பார்சல் வந்தது. பிரித்துப் பார்த்தேன். அதே அட்டைதான், ஆனால் புத்தகம் தடியாக இருந்தது. பாடத்திட்டம் மாறி, புதிதாக ஒரு பகுதியே சேர்ந்திருந்தது. கேள்விகளில் கால்வாசி அதிலிருந்து வரும் என்று முன்னுரையில் போட்டிருந்தார்கள். நான் கொடுத்த புத்தகத்தில் அதைப் பற்றி ஒரு வரி கிடையாது.

முதலாளியிடம் சொன்னேன். அவர் சத்தம் போடவில்லை. "உன் கையாலதான ஒட்டுன? வாயத் தொறந்தா மொதல்ல மாட்டுறது நீதான்" என்றார். அன்றிலிருந்து எனக்கு இரண்டு பயம்.

தேர்வுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை புதுப் புத்தகம் ஒன்றைப் பைக்குள் வைத்துக்கொண்டு சுந்தரபாண்டியம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். ஊருக்குப் போய், ஓடுகிற பெண் யாரென்று கேட்டால் காட்டிவிடுவார்கள். அப்புறம் என்ன சொல்வேன்? அவள் வீட்டார் கடைக்கு வந்து நின்றால்? டிரைவர் வண்டியை எடுப்பதற்குள் இறங்கிவிட்டேன். அவளுக்கு வேறு யாராவது சொல்லியிருப்பார்கள் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது சும்மா இல்லை. தேர்வு முடிந்த பிறகு, ஷூ போட்ட பெண் யார் படியேறினாலும் நான் அலமாரிக்குப் பின்னால் போய்த் தூசி தட்டுவேன். அடுத்த வருஷம் மிச்சமிருந்த கைடுகளில் பழைய ஸ்டிக்கரின் மேலேயே இன்னொன்றை ஒட்டச் சொன்னார் முதலாளி. ஒட்டினேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் ஒட்டினேன்.

ஒரு மதியம் அவள் வந்தே விட்டாள். ஒளிய நேரமில்லை. கூடவே அவள் தங்கை.

"அக்கா, இவ எழுதப் போறா. நான் வாங்குன அதே கைடு, இந்த வருசத்துது குடுங்க."

"உனக்கு என்னம்மா ஆச்சு?" என்று கேட்டேன்.

"போச்சுக்கா. பேப்பரப் பாத்ததும் கண்ணக் கட்டிருச்சு. கால்வாசிக் கேள்வி எங்க இருந்து வந்துச்சுன்னே தெரியல. அம்புட்டையும் படிச்சுட்டுத்தான் போனேன். எனக்குத்தான் மண்டை மக்கு. எங்கப்பாவும் அதத்தான் சொல்லுதாவ."

அதற்குள் தங்கை அலமாரியிலிருந்து ஒன்றை உருவிவிட்டாள். நான் ஒட்டியது. கல்லாவில் முதலாளி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். புத்தகத்தை வாங்கி, நகத்தால் ஸ்டிக்கரின் ஓரத்தைக் கிளப்பினேன். அடியில் போன வருஷத்து ஸ்டிக்கர். அதையும் உரித்தேன். அதற்கும் முந்தின வருஷம் அட்டையில் அச்சாகியிருந்தது.

"உனக்குக் குடுத்ததும் இப்படித்தாம்மா. நான் ஒட்டுனது. நீ சொன்ன கேள்வியெல்லாம் வந்த பகுதி இதுல கெடையவே கெடையாது" என்றேன்.

வசவுக்காகத் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அவள் புத்தகத்தைக் கையில் வாங்கி, அட்டையில் ஸ்டிக்கர் இருந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப நான் மக்கு இல்லையாக்கா?"