பனிக்கண்ணாடிக்கு ஐந்து சோதனை

வியர்வை வழிய நின்றுகொண்டு குளிர் சாமான் விற்பது தி.நகரில் எங்கள் பிழைப்பு. லடாக், கனடா, கயிலாயம் என்று கிளம்புகிறவர்களுக்கு ஸ்வெட்டர் முதல் பனிமலை வெயிலிலிருந்து கண்ணைக் காக்கும் பனிக்கண்ணாடி வரை கொடுப்போம். கண்ணாடிகளைச் சோதித்து ஓகே சீட்டு ஒட்டுவது என் வேலை. விற்ற பொருளை நினைத்துத் தூக்கம் கெட்டவர்கள் உங்களில் இருந்தால், இதைப் படிக்கலாம்.

மீன்களுக்கு நடுவில்

சென்னையில் பனிக்கு எங்கே போவது? சிந்தாதிரிப்பேட்டையில் மீன் வைக்கும் குளிர் அறைக்குப் போவேன். மங்கி குல்லாவின் மேல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கால் மணி நேரம் நிற்பேன். ஆவி படிகிறதா, காற்று புகுகிறதா, பட்டை வழுக்குகிறதா, கீழே விழுந்தால் உடைகிறதா என்று நான்கு சோதனை அங்கே. ஐந்தாவது சோதனை எங்கள் கடையில், கள்ள நோட்டு பார்க்கும் புற ஊதா விளக்கில்; கண்ணைக் கெடுக்கும் அந்தக் கதிரைக் கண்ணாடி தடுக்கிறதா என்று பார்ப்பேன். விளக்குக்கும் நோட்டுக்கும் நடுவே கண்ணாடியை வைத்தால் நோட்டு மின்னக்கூடாது.

குளிர் அறையில் பெட்டி அடுக்கும் முருகேசன் ஒருநாள் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இன்னா சார், மீனே கண்ண மூடாம கீது, நீ இன்னாத்துக்கு மூடிக்கினு நிக்கிற?"

பழுப்புச் சாமி

அபிராமபுரத்திலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். மாமா ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், கயிலாயம் போவது அவருடைய வாழ்நாள் ஆசை. ஐந்து சோதனையையும் பெருமையாக விளக்கினேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எங்கள் கல்லாவுக்கு மேலே இருந்த சாமி படத்தைப் பார்த்தார். முகம் வாடிவிட்டது.

"எல்லாம் பழுப்பா தெரியறதே. அவ்வளவு தூரம் போயி சுவாமியக் கண்ணாடி வழியாவா பாக்கறது?"

திரும்பி வந்த பெட்டி

அதை வேடிக்கைப் பேச்சு என்று நினைத்துச் சிரித்துவிட்டு, பில் போட்டுக் கொடுத்தேன். ஒன்றரை மாதம் கழித்து மாமி மட்டும் வந்தார். மலை கண்ணில் பட்டதும், கோயில் வாசலில் செருப்பைக் கழற்றுகிற மாதிரி மாமா கண்ணாடியைக் கழற்றி மாமியிடம் கொடுத்துவிட்டாராம். காலை வெயிலில் பளபளத்த பனியையும், சிகரத்தை ஒட்டி நின்ற சூரியனையும் கைகூப்பிப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறார். மாலையில் மிளகாய்ப்பொடி விழுந்த மாதிரி எரிச்சல். அது நாலு நாளில் ஆறிவிட்டது. பார்வையின் நடுவில் விழுந்த கறுப்புத் திட்டு ஆறவில்லை, இனிமேலும் போகாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். இப்போது காலையில் மாமிதான் பேப்பர் படித்துக் காட்டுகிறார்.

அன்று மாமா என்னிடம் கேட்டது வேடிக்கை இல்லை, கேள்வி. கழற்றினால் கண்ணுக்கு ஆபத்து என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொல்லாதது எனக்கு வெட்கமாக இருந்தது, மாமியிடம் ஏதோ உளறினேன். மாமி கோபப்படவில்லை. கண்ணாடி இருந்த பெட்டியைத் திறந்து என் பக்கம் நகர்த்தினார்.

"வேற யாருக்காவது குடுத்துடுங்கோ. ஒரு கீறல்கூட இல்லை, பாருங்கோ."

இப்போது ஆறாவதாக ஒரு சோதனை வைத்திருக்கிறேன்: சாமியே எதிரில் வந்து நின்றாலும் கழற்ற மாட்டேன் என்று வாங்குகிறவர் வாயால் சொல்ல வேண்டும், எல்லோரும் சொல்கிறார்கள், நான்தான் ஒருவரையும் நம்புவதில்லை.