நிலோஃபர் எழுதிக் கொடுத்த எதிர்ப்பு

நிலோஃபர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. ஒன்பது வருடம் ஒரே ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தோம். மதியச் சோற்றைக்கூட நின்றுகொண்டுதான் தின்பாள். ஒரு கையில் டிபன் டப்பா, கண் இன்குபேட்டரின் வெப்பமானியில். "செத்த நேரம் உக்காரேம்மா, கிருமி எங்கயும் ஓடிராது" என்பேன். "ஓடாது அண்ணாச்சி, பெருகும்லா" என்று சொல்லிவிட்டு மறுபடியும் போய்ப் பார்ப்பாள். பக்கத்தில் இருக்கிறவனுக்கும் அந்தப் படபடப்பு ஒட்டிக்கொள்ளும். எனக்குச் சில நாள் எரிச்சலாகக்கூட வரும்.

மேலப்பாளையத்துப் பெண். நுண்ணுயிரியல் படித்துவிட்டு, வண்ணார்பேட்டையில் எங்கள் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் பாட்டில் கழுவும் வேலைக்குத்தான் முதலில் வந்தாள். பைய மேலே ஏறி, பரிசோதனை முடிவில் கையெழுத்துப் போடும் அதிகாரம் வரைக்கும் வந்துவிட்டாள். அது லேசில் கிடைப்பதில்லை. அங்கீகாரம் கொடுக்கிற அமைப்பிலிருந்து ஆட்கள் வந்து, இரண்டு நாள் கேள்வி கேட்டுக் குடைந்து, பெயரை எழுதிக்கொண்டு போனால்தான் உண்டு. அது வந்த அன்று அவள் உம்மா ஒரு தூக்குவாளி நிறைய நெய்ச்சோறும் ஆட்டுக்கறியும் கொடுத்துவிட்டாள். எங்கள் முதலாளி திருஞானசம்பந்தம் சைவப் பிள்ளை; தனக்கில்லையே என்று வாளியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

நான் நேசையா. பாட்டில்களை வாங்கிப் பதிவேட்டில் ஏற்றுகிறவன். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. தண்ணீர்ப் பாட்டிலை யாரும் மெனக்கெட்டு எடுத்து வர மாட்டார்கள். தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டுக் கட்டி, பஸ் கண்டக்டர் கையில் கொடுத்துவிடுவார்கள். நான் புதிய பேருந்து நிலையத்தில் போய் நின்று வாங்கி வருவேன். கூட வருகிற படிவத்தில் ஊர், கிணறு, குழாய் எல்லாம் இருக்கும். தண்ணீர் பிடித்த நேரம் மட்டும் இருக்காது. பிடித்தவன் ஒருத்தன், கட்டியவன் ஒருத்தன், பஸ் ஏற்றியவன் ஒருத்தன். போன் போட்டுக் கேட்டால், "நேரத்த மட்டும் நீங்களே போட்டுக்கிடுங்க அண்ணாச்சி" என்பார்கள்.

நானும் போட்டேன். பாட்டில் வந்த நேரத்திலிருந்து மூன்று மணி நேரம் பின்னால் போய் எழுதுவேன். ஆழ்வார்திருநகரியிலிருந்து வந்தாலும் மூன்று மணி நேரம். அடுத்த தெருவிலிருந்து வந்தாலும் மூன்று மணி நேரம். பன்னிரண்டு வருடம் இப்படித்தான் ஓடியது. தப்பு செய்கிறோம் என்ற நினைப்பே இல்லை. காலியாகக் கிடக்கிற கட்டத்தை நிரப்புவது சுத்தமான வேலை என்றுதான் நினைத்திருந்தேன்.

போன வருடம் வள்ளியூர்ப் பக்கத்து விடுதி ஒன்றில் பதினேழு பிள்ளைகளுக்கு வாந்திபேதி. இரண்டு வாரம் முன்புதான் அந்த விடுதிக் கிணற்றுத் தண்ணீரில் கிருமி இல்லை, குடிக்கலாம் என்று நாங்கள் எழுதிக் கொடுத்திருந்தோம். நிலோஃபர் கையெழுத்து. செய்தி கேட்ட மறு நிமிடம் விடுதி வார்டனுக்குப் போன் போட்டாள். பேசி முடித்து நேரே என் மேசைக்கு வந்தாள்.

"அண்ணாச்சி, இந்தப் பாட்டில்ல தண்ணி எப்பப் பிடிச்சது?"

"அதான் போட்டிருக்கேம்மா. காலைல ஏழு மணி."

"அது நீங்க போட்டது. முந்தின நாள் மத்தியானமே பிடிச்சு மேசையில வச்சிருந்தேன்னு வார்டன் சொல்லுதாரு."

"எல்லாத்துக்கும் அப்படித்தான போடுதோம்?"

"எல்லாத்துக்குமா?" என்றாள். அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தேன்.

வெக்கையில் நேரம் கடந்த தண்ணீரில் கிருமி பெருகவும் செய்யும், சாகவும் செய்யும். அதற்குப் பிறகு என்ன முடிவு வந்தாலும் அதற்கு அர்த்தம் கிடையாது. பிள்ளைகள் தேறிவிட்டார்கள். கெடுத்தது கிணற்றுத் தண்ணீரா, அன்றைக்குப் பரிமாறிய சாம்பாரா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அதற்குள் கிணற்றில் குளோரின் கொட்டிவிட்டார்கள். அந்தத் தெரியாமைதான் நிலோஃபரைப் பிடித்து ஆட்டியது. மூன்று நாள் பழைய பதிவேடுகளை நின்றபடியே புரட்டினாள். "எல்லாத்துலயும் மூணு மணி நேரம். இத்தன வருசம் கையெழுத்துப் போட்டிருக்கேன், ஒருநாள்கூட எனக்கு உறைக்கலியே" என்று தனக்குத்தானே பேசிக்கொண்டாள். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அந்தச் சமயத்தில் தென்மாவட்டத்துப் பரிசோதனைக் கூடங்கள் பதினான்கும் கூடி, அங்கீகாரத்துக்கான பொது விதிகளை எழுதிக்கொண்டிருந்தன. தலைவர் தேவசிகாமணி, ஓய்வுபெற்ற வேதியியல் பேராசிரியர். அங்கே கை தூக்கி ஓட்டெடுப்பது செல்லாது. எல்லோருக்கும் சம்மதம் என்றால்தான் விதி நிற்கும். ஒரே ஒருவர் எழுத்தில் எதிர்ப்புக் கொடுத்தாலும், மற்ற எல்லோரும் எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டும். அதுவரை விதி அந்தரத்தில் தொங்கும்.

கிருமிச் சோதனைக்கான தண்ணீர் ஆறு மணி நேரத்துக்குள் வந்து சேர வேண்டும் என்பது அதில் ஒரு விதி. பதின்மூன்று கூடங்கள் சரி என்றன. நிலோஃபர் எதிர்ப்பு எழுதினாள். நேரத்தைத் தண்ணீர் பிடிக்கிறவரே அந்த இடத்தில் எழுத வேண்டும். கட்டம் காலியாக வந்தால் கூடத்தில் யாரும் நிரப்பக் கூடாது. 'நேரம் தெரியவில்லை' என்று அறிக்கையில் அச்சிட வேண்டும், குடிக்கலாம் என்று சொல்லக் கூடாது. இதைச் சேர்க்காவிட்டால் ஆறு மணி நேரம் என்பது காகிதத்தில்தான் இருக்கும் என்று எழுதியிருந்தாள். ஆதாரம் என்ற இடத்தில் எங்கள் பதிவேட்டையே குறிப்பிட்டிருந்தாள்.

முதலாளி அவளைக் கூப்பிட்டார். நானும் அங்கே நின்றேன்.

"தாயி, ஊர்ல எல்லாவனும் செய்யுதான். நீ எதுக்கு நம்ம வீட்டுக் குப்பைய நடுத்தெருவுல கொட்டுத? எதிர்ப்ப வாபஸ் வாங்கிரு. உன் கையெழுத்துல்லா போயிரும்."

"போனாப் போகட்டும்னு சொல்ல மாட்டேன், சார். எனக்கு அது வேணும். ஆனா அந்தப் பதினேழு பிள்ளைய நினைச்சா பேனாவப் பிடிக்க முடியல."

முதலாளி என் பக்கம் திரும்பினார். "என்னவே நேசையா, நீராவது சொல்லுமேன்." நான் அவர் மேசையில் கிடந்த படிவங்களை எடுத்து அடுக்க ஆரம்பித்தேன். அன்றிலிருந்தே எனக்கு ஒரு இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. மேசைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருந்தேன்.

கூட்டம் பாளையங்கோட்டையில் ஒரு மண்டபத்தில். பதிவேடுகளைச் சுமக்க என்னையும் கூட்டிப் போனார்கள். நிலோஃபர் எழுந்து, இருநூற்றுப் பன்னிரண்டு பாட்டில்களின் நேரத்தை வாசித்தாள். முதலில் யாரோ சிரித்தார்கள். ஐம்பதாவது பாட்டிலுக்குமேல் யாரும் சிரிக்கவில்லை.

தேவசிகாமணி கண்ணாடியைக் கழற்றினார். "இந்த நேரமெல்லாம் நிரப்புனது யாரு?"

அந்தக் கேள்விக்கு ஒரு எடை உண்டு. பாட்டில் வாங்கும் மேசையில் நடந்த தவறு என்றால் கையெழுத்துப் போட்டவருக்கு எச்சரிக்கையோடு போகும். கையெழுத்துப் போட்டவரே நேரத்தை இட்டுக்கட்டினார் என்றால் அதிகாரம் பறிபோகும். மண்டபத்தில் இருந்த எல்லோருக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும்.

நிலோஃபர் எங்கள் வரிசையைத் திரும்பிப் பார்த்தாள். நான் குனிந்து, பதிவேடு கட்டிவந்த சணல் கயிற்றை அவிழ்ப்பதும் முடிச்சுப் போடுவதுமாக இருந்தேன். ஐம்பத்தெட்டு வயது. இந்த வேலை போனால் எவன் கூப்பிட்டுக் கொடுப்பான்? 'நான்தான் சார்' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? முதலாளி விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கையெழுத்து என்னோடது, சார்" என்றாள் நிலோஃபர். "பொறுப்பும் என்னோடது."

"வேற கூடங்கள்ல இந்தப் பழக்கம் உண்டா?" என்று தலைவர் கேட்டார். ஒரு கைகூட எழவில்லை. "அப்போ எதிர்ப்பைத் திரும்ப வாங்கிக்கிறீங்களாம்மா?"

"இல்ல சார். எல்லாரும் எழுத்துல பதில் தரட்டும்."

அங்கேதான் எல்லோரும் மாட்டிக்கொண்டார்கள். எங்களிடம் அப்படி இல்லை என்று எழுதிக் கொடுத்தால், எங்கே பதிவேட்டைக் காட்டு என்று நாளைக்கே ஒருவன் வந்து நிற்பான். நான்கு மாதம் இழுத்தடித்தார்கள். பிறகு ஒவ்வொரு கூடமாக, திருத்தத்தில் ஆட்சேபம் இல்லை என்று ஒரே வரியில் எழுதி அனுப்பியது. நிலோஃபர் எழுதிய வாசகம் ஒரு சொல்கூட மாறாமல் விதியாயிற்று.

அதற்கு வெகு முன்பே, கூட்டம் நடந்த அதே வாரத்தில், கூட்டக் குறிப்பைப் பார்த்த அங்கீகார அமைப்பு அவள் கையெழுத்து அதிகாரத்தை ரத்து செய்துவிட்டது. முதலாளி போகச் சொல்லவில்லை. இருக்கச் சொல்லவும் இல்லை. அவளே வேலையை விட்டு நின்றுகொண்டாள். இப்போது ஒரு கல்லூரி ஆய்வகத்தில் தற்காலிக உதவியாளர்.

விதிப் புத்தகம் அச்சாகி வந்ததும், ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு அவளைப் பார்க்கப் போனேன். போவதா வேண்டாமா என்று இரண்டு பஸ்ஸை விட்டேன். கல்லூரி வராந்தாவில் நின்றபடியே வாங்கி, அந்தப் பக்கத்தை விரித்து இரண்டு தடவை படித்தாள். முகம் மலர்ந்துவிட்டது.

"இப்ப நேரம் யாரு எழுதுதா, அண்ணாச்சி?"

"தண்ணி பிடிக்கவங்கதான். காலியா வந்தா அப்படியே விட்டுருதேன்."

"நல்லதாப் போச்சு."

அதோடு வணக்கம் சொல்லிவிட்டு வந்திருக்கலாம். என்னால் முடியவில்லை. ஒரு வருடமாக உள்ளே அரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"அன்னைக்கு யாருன்னு கேட்டப்ப ஏம்மா என் பேரச் சொல்லல? என் வேலை போயிரும்னு பாத்தியா?"

அவள் புத்தகத்தை மூடி என்னிடம் நீட்டினாள். கோபம் இல்லை. எதையும் மறைக்கத் தெரியாத முகம் அது.

"அதெல்லாம் இல்ல அண்ணாச்சி. நீங்க எந்திரிப்பீங்கன்னுதான் கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டு நின்னேன்."