பாட்டில் அக்கா பேசிய ஆறு நிமிடம்

கல்லூரியில் என் மனைவியை எல்லோரும் ‘பாட்டில் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். முதல்வரும் அப்படித்தான், வாசல் காவலாளியும் அப்படித்தான். சுற்றுச்சூழல் துறையில் ஆய்வக உதவியாளர் அவள். பத்தொன்பது வருடமாகச் செவ்வாய்க்கிழமை தவறாமல் ஊருக்கு வெளியே இருக்கும் ஏரிக்குப் போய், தண்ணீரில் எவ்வளவு ஆக்சிஜன் கரைந்திருக்கிறது என்று அளந்து நோட்டில் எழுதுகிறாள். அவளை அங்கே கூட்டிப்போகும் கல்லூரி வேனை ஓட்டுபவன் நான். வீட்டில் மட்டும் ஸ்டீயரிங் அவள் கையில் என்று சக டிரைவர்கள் கேலி செய்வார்கள். இல்லையென்று நான் சொன்னதில்லை.

ஆய்வகத்தில் அவள் வைத்ததுதான் சட்டம். பாட்டிலுக்குள் குண்டூசித் தலை அளவு காற்றுக்குமிழி தெரிந்தாலும் கொட்டிவிட்டு மறுபடி எடுப்பாள். நேரமாகிறது என்று ஒருமுறை ஒரு ஆசிரியர் குதித்தபோது, “அவசரம்னா நீங்களே ஒரு வாய் குடிச்சுப் பாத்து எவ்வளவு இருக்குன்னு சொல்லிடுங்க சார்” என்றாள். அந்த மனிதர் அதற்குப் பிறகு ஏரிப்பக்கம் வரவே இல்லை.

வருடத்துக்கு ஒருமுறை எங்கள் கல்லூரியில் சுற்றுச்சூழல் அறிவியலுக்கும் கல்விக்குமான வட்டார மாநாடு நடக்கும். ஏழெட்டு ஊர்களிலிருந்து பேராசிரியர்கள், பள்ளி ஆசிரியர்கள், நகராட்சிப் பொறியாளர்கள் என்று இருநூறு பேர் வருவார்கள். பதினெட்டு மாநாட்டிலும் இவளுக்குப் பை அடுக்கும் வேலை, அடையாள அட்டை கோக்கும் வேலை. எல்லோரும் போன பிறகு நாற்காலிக்கு அடியில் கிடக்கும் பிளாஸ்டிக் பாட்டில்களைப் பொறுக்கத்தான் அரங்குக்குள்ளேயே நுழைவாள். சுற்றுச்சூழலைப் பற்றி இரண்டு நாள் பேசினால் எத்தனை மூட்டை பிளாஸ்டிக் சேரும் என்று அவளைக் கேட்டால் புட்டுப்புட்டு வைப்பாள்.

இந்த வருடம் கதை வேறு. துறைத்தலைவர் அந்த ஏரியைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். தலைப்பு, ‘மாணவர் கைகளால் மீண்ட ஏரி’. மூன்று வருடத்துக்கு முன்பு மாணவர்களை வைத்துக் கரையைச் சுத்தம் செய்தார்கள். அன்றிலிருந்து ஆக்சிஜன் மளமளவென்று ஏறியிருக்கிறது, இதுதான் விஷயம். அளந்தது எல்லாம் இவள் என்பதால், இரண்டாவது ஆசிரியராக இவள் பெயரையும் போட்டு, “ஆறு நிமிஷம் நீங்களே மேடையில பேசுங்க” என்றும் சொல்லிவிட்டார்.

எங்கள் வீட்டில் யாருக்கும் தலைகால் புரியவில்லை. காரணம், பெயர் மட்டும் இல்லை. கல்லூரியில் அவள் வேலைக்கு ஒரு படி மேலான தொழில்நுட்ப உதவியாளர் பணியிடம் ஒன்று காலியாக இருந்தது. அதற்கு மாநாட்டுத் தொகுப்பில் ஒரு கட்டுரை வந்திருக்க வேண்டும், வயது நாற்பத்தைந்தைத் தாண்டக் கூடாது. இவளுக்கு நாற்பத்தைந்து முடிய இரண்டு மாதம்தான் இருந்தது. இந்தக் கட்டுரை வந்தால் வேலை, வராவிட்டால் அந்தக் கதவு அதோடு மூடியது. பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது எனக்கு. மகள் கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு, “அம்மா, ஏழு நிமிஷம் ஆச்சு, மணி அடிச்சுட்டாங்க, இறங்கு” என்று தினமும் பயிற்சி கொடுத்தாள்.

மாநாட்டுக்கு ஐந்து நாள் முன்பு, மேடையில் காட்ட வேண்டிய வரைபடத்தைப் பழைய நோட்டுகளோடு ஒருமுறை சரிபார்க்க உட்கார்ந்தாள். பதினாறு வருடமாகத் தரையோடு தரையாக வந்த கோடு, திடீரென்று செங்குத்தாக ஏறியிருந்தது. ரொம்ப நேரம் அதையே பார்த்தாள்.

“என்னங்க, ஏரி வண்டியோட நேரம் எப்ப மாறுச்சு?”

“மூணு வருஷம் இருக்கும். முன்னாடி காலைல அஞ்சரைக்கு ஏரியில நிப்போம். இப்ப பத்து மணி. ஏன்?”

அவள் பழைய நோட்டைப் புரட்டினாள். நோட்டில் ஒவ்வொரு வரியிலும் நேரத்துக்கென்று ஒரு கட்டம் உண்டு. அதை அவள் ஒழுங்காக நிரப்பியிருந்தாள். துறைக்குப் போகும் மாதாந்திரத் தாளில் அந்தக் கட்டம் கிடையாது. அதனால் துறைத்தலைவர் கண்ணில் அது பட்டதே இல்லை.

நேரத்தை மாற்றச் சொல்லி எழுதிக்கொடுத்தவன் நான்தான். முதுகுவலி என்று காரணம் காட்டினேன். பாதி முதுகுவலி, பாதி தூக்கம்.

மறுநாள் விடியும் முன்னே என்னை எழுப்பி ஏரிக்குக் கூட்டிப்போனாள். ஆக்சிஜன் அளக்கும் மீட்டரைத் தண்ணீரில் இறக்கினாள். லிட்டருக்கு ஒன்று புள்ளி ஆறு மில்லிகிராம். நாலு மீன்கள் வாயைத் தண்ணீருக்கு மேலே நீட்டித் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. கரையிலேயே காத்திருந்து, பதினோரு மணிக்கு அதே இடத்தில் அளந்தாள். எட்டு புள்ளி இரண்டு.

“பச்சைப் பசேல்னு இருக்கே, இந்தப் பாசிதாங்க. வெயில்ல அது ஆக்சிஜன் விடும். ராத்திரியெல்லாம் இருக்கிறதையும் அதுவே இழுத்துக்கும். விடியும்போது மீனுக்கு மூச்சுக்கூட மிஞ்சாது. ஏரி தேறவே இல்ல. நாமதான் லேட்டாப் போயிருக்கோம்.”

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அன்றே துறைத்தலைவரிடம் போய்ச் சொன்னாள். அவர் கெட்டவர் இல்லை. பத்து நாளாகத் தூங்காமல் அழைப்பிதழுக்கும் அரங்குக்கும் அலைந்துகொண்டிருந்தவர். எண்களைப் பார்த்துவிட்டு நெற்றியைத் தேய்த்தார்.

“தலைப்பெல்லாம் அச்சாகி வந்துடுச்சும்மா. இப்ப படிச்சுடுவோம். அடுத்த வருஷம் திருத்தி ஒண்ணு எழுதிக்கலாம். உங்க போஸ்ட்டும் இருக்குல்ல?”

“நகராட்சி இஞ்சினியர் முன்வரிசையில உக்காந்திருப்பாரே சார். ஏரி தேறிடுச்சுன்னா, அதுல வந்து விழுற சாக்கடையைத் திருப்பிவிடுற வேலை வேண்டாம்னு சொல்லிடுவாங்கல்ல?”

அவர் தொலைபேசியை எடுத்து அரங்கு வேலையை விசாரிக்க ஆரம்பித்தார்.

வீட்டில் நான்தான் கெஞ்சினேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். “ஒரே ஒரு வருஷம் வாயை மூடிட்டு இரு” என்றேன். “முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கச் சொல்றீங்க” என்றாள். அதற்கு மேல் அவளிடம் பேசுவதும் சுவரிடம் பேசுவதும் ஒன்று.

மாநாட்டன்று கடைசி வரிசையில் நானும் மகளும் உட்கார்ந்திருந்தோம். அமர்வுக்குத் தலைமை வெளியூர்ப் பேராசிரியை ஒருவர்; வெள்ளை முடி, சிரிப்பு என்பது மருந்துக்கும் கிடையாது. இவள் மேடையேறினாள். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். ஆய்வகத்தில் பாட்டிலைப் பிடிக்கிற அதே நிதானத்தோடு மைக்கைப் பிடித்தாள்.

“எல்லாருக்கும் வணக்கம். ஏரி மீண்டுடுச்சுன்னு திரையில போட்டிருக்கு. மீளலை. பிள்ளைங்க கரையைச் சுத்தம் பண்ணினது நிஜம். ஆனா இந்தக் கோடு ஏறினதுக்கு அது காரணம் இல்ல. நாங்க அளக்கிற நேரம் அஞ்சரையிலேருந்து பத்துக்கு மாறிடுச்சு, அவ்வளவுதான்.” பிறகு ஒன்று புள்ளி ஆறையும் எட்டு புள்ளி இரண்டையும் சொன்னாள். பாசியைச் சொன்னாள், வாயைத் திறந்து மூடிய மீனைச் சொன்னாள். துறைத்தலைவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“மூணு வருஷமா எப்படித் தெரியாமப் போச்சு?” என்று நடுவிலிருந்து ஒருவர் கேட்டார்.

“நேரம் எழுதுற கட்டத்தை நான்தான் நிரப்பினேன். நிரப்பினேனே தவிர ஒரு தடவைகூடத் திரும்பிப் படிக்கல. தப்பு என்னோடது.”

எனக்குள் என்ன புகுந்ததோ தெரியவில்லை, எழுந்துவிட்டேன். “இல்லைங்க. வண்டி நேரத்தை மாத்தச் சொன்னது நான். டிரைவருங்க. முதுகுவலின்னு எழுதிக் குடுத்தேன்.”

இருநூறு தலையும் திரும்பியது. மேடையிலிருந்து மைக்கிலேயே, “நீங்க உக்காருங்க” என்றாள். அரங்கமே சிரித்தது. நான் உட்கார்ந்தேன். மகள் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

தலைமை தாங்கிய அம்மா மட்டும் சிரிக்கவில்லை. “அப்ப இந்தக் கட்டுரை?”

“எடுத்துடுங்கம்மா. தொகுப்புல வேண்டாம்.”

“உங்க பேரும் சேந்துதான் போகும்.”

“தெரியும்மா.”

அவர் எதையோ குறித்துக்கொண்டு, மறுநாள் பதினோரு மணிக்கு வைத்திருந்த ஏரிப் பார்வையிடலை விடியற்காலைக்கு மாற்றச் சொன்னார். அடுத்த நாள் கண்ணைக் கசக்கிக்கொண்டு நாற்பது பேர் கரையில் நின்றார்கள். கொட்டாவி விடாதவர் இவள் ஒருத்திதான். மீட்டர் ஒன்று புள்ளி ஐந்தைக் காட்டியது. நகராட்சி இஞ்சினியர் எட்டி எட்டிப் பார்த்தார். சாக்கடை வேலையை நிறுத்துகிற பேச்சு அங்கேயே நின்றது. துறைத்தலைவர் பேனாவை எடுத்து எண்ணை எழுதப் போனார்.

“சார், நேரத்தை முதல்ல எழுதுங்க” என்றாள்.

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து எழுதினார். போகும்போது அவளிடம், “நீங்க சொன்னதுதான் சரி. நான் சொல்லியிருக்கணும்” என்றார். அதைச் சொல்வதற்கும் ஒரு மனசு வேண்டும்.

அந்தப் பணியிடத்துக்கு அவள் போட்டிருந்த விண்ணப்பம் அடுத்த வாரமே திரும்பி வந்துவிட்டது. கட்டுரை இல்லை என்று ஒரு வரி. அன்று சாயங்காலம் அவள் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். நான் வெளியே நின்று அழுதேன். கதவைத் திறந்தவள் என்னைப் பார்த்து, “உங்களுக்கு என்னவாம்?” என்றாள்.

“என் தூக்கத்தாலதானே உனக்கு இந்தக் கதி.”

“நானும்தான் அந்த மூணு வருஷம் நல்லாத் தூங்கினேன்” என்று சொல்லி முகத்தைக் கழுவப் போனாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை நாலே முக்காலுக்கு என் நெஞ்சின் மேல் வேன் சாவி வந்து விழுந்தது. கண்ணைத் திறந்தேன். பாட்டில் கூடையோடு தயாராக நின்றாள்.

“எந்திரிங்க. வெயில் வந்துட்டா ஏரி பொய் சொல்ல ஆரம்பிச்சுடும்.”