சௌந்தரத்தின் இரண்டாவது ஆட்டக்காரன்

கடலூர் திருப்பாதிரிப்புலியூர் மார்க்கெட்டில் மீன் விற்கும் சௌந்தரத்துக்கு டென்னிஸ் கணக்கு இன்றுவரை முழுதாகப் புரிந்ததில்லை. பதினைந்துக்குப் பிறகு முப்பது சரி, முப்பதுக்குப் பிறகு ஏன் நாற்பது என்று கேட்பாள். ஆனால் மகன் தமிழ்வேந்தன் எந்த நாட்டில் யாரோடு ஆடுகிறான் என்பது மட்டும் தெரியும். அண்ணன் மகள் மோகனப்பிரியா அவள் போனில் அதற்கு வழி செய்து கொடுத்திருந்தாள்.

சிதம்பரத்தில் கல்லூரிக்குப் போய்க்கொண்டே ஆடிய தமிழ்வேந்தன், இருபத்தோரு வயதில் துனிசியாவுக்குப் போனான். உலகத் தரவரிசையில் பெயர் ஏற வேண்டுமென்றால், பார்க்க ஆளில்லாத இப்படிப்பட்ட சிறிய போட்டிகளில்தான் ஆரம்பிக்க வேண்டும். அங்கே முதல் சுற்றில் ஜெயித்தான். வாழ்க்கையில் முதல் தரவரிசைப் புள்ளி. அன்று சாயங்காலம் மார்க்கெட்டில் தெரிந்தவர்களுக்கெல்லாம் சௌந்தரம் டீ வாங்கிக் கொடுத்தாள்.

மறுநாள் காலை போனில் மகனின் எண். பேசியது வேறு யாரோ, இங்கிலீஷில். மோகனப்பிரியா வாங்கிக் கேட்டாள்.

"அத்த, பயப்படாதீங்க. தமிழுக்குக் குடல்வால் ஆபரேஷன் முடிஞ்சுதாம். பேசுறது அவன் ரூம்ல தங்கியிருக்கிற பையன் ருஸ்லான். கஜகஸ்தானாம்."

சௌந்தரம் கூடையை அப்படியே விட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டாள். சாயங்காலம் தமிழ்வேந்தனே பேசினான்.

"நல்லாத்தான்மா இருக்கேன். ருஸ்லான்தான் என்ன ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு வந்தான். இன்னிக்கு அவனுக்கு ரெண்டாவது சுற்று. போகாம இங்கியே ஒக்காந்துட்டான்."

"ஏன்டா, போகச் சொல்றதுதான?"

"சொன்னேன். கேக்கல."

அடுத்த வருஷம் சென்னையில் போட்டி முடிந்ததும் ருஸ்லானைக் கடலூருக்கு அழைத்து வந்தான் தமிழ்வேந்தன். இருவரும் தினமும் சிதம்பரத்துக்குப் போய்ப் பயிற்சி செய்தார்கள். ஒருநாள் சௌந்தரமும் போனாள். மகன் ஆடுவதை அவள் நேரில் பார்த்தது அதுவே முதல் தடவை. பந்து போகும் வேகத்தில் கண் வலித்தது. ருஸ்லானின் சர்வீஸை மகன் தொடக்கூட முடியாமல் நின்றபோது, யாருக்காகச் சந்தோஷப்படுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அன்று வீட்டில் சாப்பிடும்போது கணவர் பச்சமுத்து கேட்டார்:

"உங்க வயசுல எத்தினி பேருடா ஆடுறாங்க?"

"ஆயிரக்கணக்குல இருக்காங்கப்பா. மேல இருக்கிற ஒரு நூறு, எறநூறு பேருதான் இத வெச்சுப் பொழைக்க முடியும்."

"அப்ப இவனும் உனக்குப் போட்டிதான?"

"ஆமாம்பா. என்னவிட நல்லா வருவான்."

சௌந்தரம் வஞ்சிர வறுவலில் பெரிய துண்டை எடுத்து ருஸ்லான் தட்டில் வைத்தாள்.

"வரட்டும். இவனப் பெத்தவ வயிறு குளிரட்டும்" என்றாள்.

ருஸ்லான் இப்போது தரவரிசையில் முந்நூறுக்குள் வந்துவிட்டான். தமிழ்வேந்தன் இன்னும் ஆயிரத்தை ஒட்டியே நிற்கிறான். ஆனாலும் விடவில்லை, போன மாதம்கூட இரண்டு சுற்று ஜெயித்தான். சௌந்தரத்தின் போனில் இரண்டு பேர் ஆட்டமும் வரும்.

அந்த வருஷம் கடலூரில் தங்கிவிட்டு ருஸ்லான் ஊருக்குப் புறப்பட்டபோது, அவன் அம்மாவுக்கென்று சௌந்தரம் நெத்திலிக் கருவாடு கட்டிக் கொடுத்தாள்.

"ஏர்போர்ட்டே நாறும்மா" என்றான் தமிழ்வேந்தன்.

"நாறட்டும்டா. அந்தம்மாவுக்கு நான் வேற என்னத்தக் குடுப்பேன்?"

ருஸ்லான் அதை வாங்கி, டென்னிஸ் மட்டைப் பைக்குள் சட்டைகளுக்கு நடுவே பத்திரமாக வைத்துக்கொண்டான்.