ரோஸ்லெட்டுக்குக் கிடைத்த ரிப்போர்ட்

போன வருடம் ரப்பர் மரங்கள் தளிர்விட்டு, நாங்கள் தேன் எடுக்கும் நாட்களில், என் வலது மூக்கோரத்தில் ஒரு புண் வந்தது. நானும் என் கணவர் தாசனும் மார்த்தாண்டம் பக்கத்தில் தேன்பெட்டி வைத்துப் பிழைக்கிறவர்கள் என்பது உங்களுக்குத் தெரியும். தேனீ கொட்டியிருக்கும் என்றுதான் நினைத்தேன். தேனையே எடுத்துத் தடவினேன். பொருக்குக் கட்டும், உதிரும், ரத்தம் கசியும். மழை தொடங்கியும் ஆறவில்லை.

நாகர்கோவிலுக்குத் தனியாகப் போகப் பயமாக இருந்தது. நம் சபைப் பாடகர் குழுவில் என் பக்கத்தில் நின்று பாடுகிற ரோஸ்லெட் துணைக்கு வந்தாள். டாக்டர் என் புண்ணிலிருந்து துளி சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். நாங்கள் எழுந்திருக்கும்போது ரோஸ்லெட், "டாக்டரே, எனக்க காதுக்குப் பொறத்தையும் ஒண்ணு பாத்திருங்க. கறுப்பா ஒரு முத்து இருக்கு" என்றாள். விளையாட்டாகத்தான் கேட்டாள். அவர் விளக்கை இழுத்து நெடுநேரம் பார்த்தார். அதிலிருந்தும் துளி சதை எடுத்து அனுப்பினார்.

இருவருக்குமே தோல் புற்றுநோய். மெதுவாக வளருகிற வகைதான், ஆனால் விட்டுவைத்தால் உங்கள் கண்வரை போகும் என்றார் என்னிடம். ஒரே வாரத்தில் இருவருக்கும் ஆபரேஷன் நடந்தது. வெட்டி எடுத்த சதையின் ஓரங்களைச் சோதித்துப் பார்ப்பார்கள். ஓரத்தில் நோய் இல்லையென்றால் உடம்பிலும் மிச்சம் இல்லை என்று தைரியமாக இருக்கலாம். இருந்தால் இன்னும் வெட்ட வேண்டும்.

ரோஸ்லெட்டின் ஓரங்கள் சுத்தம். என்னுடையதில் கண் பக்கத்து ஓரத்தில் நோய் இருந்தது.

அன்பானவர்களே, எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை, பொறாமை. பயம் பிறகுதான் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனது எனக்காக. துணைக்கு வந்தவள் தப்பித்துக்கொண்டாள். நான் கூப்பிடாமல் இருந்திருந்தால் அவளுக்கு அந்த நோய் இருப்பதே தெரிந்திருக்காது. அவளுக்கு உதவவா தேவன் என் முகத்தில் புண்ணை வைத்தார் என்றுகூட எனக்குள் கேட்டுக்கொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் இந்த இடத்தில் நின்று சாட்சி சொன்னாள். கர்த்தர் என் ஜெபத்தைக் கேட்டார் என்றாள். நீங்கள் எல்லாரும் அல்லேலூயா சொன்னீர்கள். நான் கட்டுப் போட்ட முகத்தோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அவள் கொண்டை போட்டு வந்திருந்தாள். காதுக்குப் பின்னால் இருந்த சின்னத் தையலைத் தலைமுடி மறைத்திருந்தது. அதற்கும் எரிந்தது எனக்கு. உபவாசம் இருந்தது நான். அழுதது நான். அவள் ஜெபத்தைக் கேட்டவர் என் ஜெபத்தை எங்கே வைத்தார்?

மறுநாள் அவள் ஏத்தன் வாழைக்காய் சிப்ஸ் வறுத்து எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

"ஏட்டி வசந்தா, வெசனப்படாத. ஆண்டவரு ஒனக்கும் செய்வாரு, கேட்டியா?"

அந்த 'ஒனக்கும்' என்னைக் குத்தியது. அவளுக்குக் கொடுத்ததுபோக மீந்திருந்தால் எனக்கு என்பதுபோலக் கேட்டது. தலைவலிக்கிறது என்று உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு அவள் போன் செய்தால் எடுக்கவில்லை.

"அவ என்ன செய்தா ஒனக்கு?" என்று கணவர் கேட்டார்.

"ஒண்ணும் செய்யல்ல. அதுதான் எனக்குத் தாங்கல்ல" என்றேன்.

இரண்டாவது ஆபரேஷன் ஓணத்துக்கு முந்தின வாரம், திருவனந்தபுரத்தில். இந்த முறை வெட்டிய துண்டை உடனே சோதித்து, ஓரம் சுத்தம் என்று தெரிந்த பிறகுதான் தைப்பார்கள். சுத்தமாக வராவிட்டால் கீழ் இமையும் போகும் என்று முன்னமே சொல்லிவிட்டார்கள். முகம் மரத்துப்போக ஊசி போட்டார்கள். நினைவோடுதான் இருந்தேன். துண்டை எடுத்துக்கொண்டு போனார்கள். முகத்தைத் துணியால் மூடி வைத்திருந்தார்கள். காத்துக் கிடந்தேன்.

டாக்டர் திரும்பி வந்தார். "அம்மா, ஒரு ஓரத்துல இன்னும் உண்டு. இன்னும் கொஞ்சம் எடுக்கணும்" என்றார்.

மறுபடியும் கத்தி. மறுபடியும் காத்திருப்பு. மனப்பாடமாகத் தெரிந்த வேதாகமச் சங்கீதம் ஒன்றும் நாவில் வரவில்லை. அழகாக ஜெபிக்கவும் முடியவில்லை. உள்ளதைச் சொன்னேன். 'ஆண்டவரே, ரோஸ்லெட்டைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அவள் சந்தோஷம் எனக்குப் பிடிக்கவில்லை. இதை உமக்கு மறைத்து வைத்துக்கொண்டு இத்தனை நாளாக ஜெபித்தேன். இப்போது சொல்லிவிட்டேன். எனக்கு இந்தக் கண் வேண்டும். அவளுக்குக் கொடுத்ததை எனக்கும் தாரும்.'

குரல் எதுவும் கேட்கவில்லை. பொறாமையும் போகவில்லை. ஆனால் ஆஸ்பத்திரி, ரிப்போர்ட் என்று ஆன பிறகு முதல்முறையாக, நான் பேசுவதை ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தது. அந்த மேசையில் கிடந்தபடியே அழுதேன். நர்ஸ் பதறி, "நோவுண்டோ?" என்று கேட்டாள். இல்லை என்று கையசைத்தேன்.

டாக்டர் வந்தார். எல்லா ஓரமும் சுத்தம். இமையில் கை வைக்கவில்லை. தொடையிலிருந்து தோல் எடுத்து வைத்துத் தைத்தார்கள்.

வெளியே தள்ளிக்கொண்டு வந்தபோது கணவருக்குப் பக்கத்தில் ரோஸ்லெட் நின்றாள். நான் அவளைக் கூப்பிடவில்லை. விடியற்காலை பஸ் பிடித்து, எனக்குத் தெரியாமல் வந்திருந்தாள்.

"ஏட்டி, ஒன்மேல எனக்குக் கொதிப்பா இருந்துது" என்றேன். வாய் சரியாகத் திறக்கவில்லை.

"எனக்குத் தெரியாதா? கோயில்ல ஒனக்க மொகத்தப் பாத்துட்டுதானே சாட்சி சொன்னேன். பாதியில நிறுத்திரலாமான்னு இருந்துது. வீட்டுக்குப் போயி ஒரு வாய் சோறு எறங்கல்ல." என் கையைப் பிடித்தாள். "ஒனக்கு வராத நல்ல ரிப்போர்ட்ட வச்சிட்டு நான் எப்பிடிட்டி சிரிப்பேன்?"

இன்றைக்கும் கண்ணாடி பார்க்கும்போது என் கன்னத்தில் வேறு நிறத்தில் ஒட்டிய தோல் தெரிகிறது. சில நாள் ரோஸ்லெட்டின் முகத்தைப் பார்த்து உள்ளே சுருக்கென்கிறது. அப்போதெல்லாம் அதை அப்படியே ஆண்டவரிடம் சொல்லிவிடுகிறேன், அவளிடமும் சொல்லிவிடுகிறேன். "இன்னைக்கும் உண்டா?" என்று சிரிக்கிறாள். மறுபடியும் பக்கத்தில் பக்கத்தில் நின்று பாடுகிறோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இருவரும் ஒரே பஸ்ஸில் போய் டாக்டரிடம் காட்டிவிட்டு வருகிறோம். என்னைக் கைவிடாத தேவனுக்கு நன்றி. அவளை அனுப்பினவரும் அவர்தான்.

இன்று நான் சொல்வதைக் கேட்டு உங்களில் ஒருவருக்கு, 'இவளுக்குச் செய்தவர் எனக்கு ஏன் செய்யவில்லை' என்று எரியலாம். அக்கா, அண்ணா, நீங்கள் அல்லேலூயா சொல்ல வேண்டாம். உங்களை நான் தவறாக நினைக்க மாட்டேன். வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, அந்த எரிச்சலையே அவரிடம் சொல்லுங்கள். அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ள மாட்டார்.