நடுவில் வேகாத நெறிகட்டி

பரிசோதனைக் கூடத்துக்கு அவள் பாட்டில் கழுவத்தான் வந்தாள். இருபத்திரண்டு வருஷம் ஆகிவிட்டது. மெழுகில் புதைத்த சதைத் துணுக்கை முடியைவிட மெல்லிசாகச் சீவி, கண்ணாடிச் சில்லில் ஏற்றி, சாயம் தோய்த்துக் கொடுப்பது இப்போது அவள் வேலை. யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை. பார்த்துப் பார்த்து, விரலைக் கிழித்துக் கிழித்துக் கற்றது. எல்லோருக்கும் அவள் மெழுகக்கா.

“ஊரான் சதைய அவ்வளவு மெல்லிசா சீவுற, வெங்காயத்த மட்டும் ஏன் இவ்வளவு தடியா நறுக்குற?” என்பார் கணவர்.

“வெங்காயத்துக்கு ரிப்போர்ட் கேக்கறாங்களா?”

ஒரு செவ்வாய்க்கிழமை வந்த பாட்டிலில் ஒரு நெறிகட்டி, வீங்கிய நிணநீர் முடிச்சு, முழுசாக, கோலிக்குண்டைவிடச் சற்றுப் பெரிதாகக் கிடந்தது. இருபத்து நாலு வயது பஸ் கண்டக்டர் பெண்ணின் கழுத்திலிருந்து எடுத்தது. வேறொரு ஆஸ்பத்திரியில் ஊசி குத்திப் பார்த்து டிபி என்றிருக்கிறார்கள். ஆறு மாதம் மாத்திரை விழுங்கியும் வீக்கம் இம்மியளவும் வாடவில்லை.

மெழுகக்காவுக்குச் சுருக்கென்றது. நெறிகட்டிக்கு மேலே தோல்போல ஒரு உறை உண்டு. எடுத்த கையோடு இரண்டாகப் பிளந்து போட்டால்தான் சதையைப் பதப்படுத்தும் ஃபார்மலின் உள்ளே இறங்கும். முழுசாகப் போட்டால், அவசரத்தில் இறக்கிய உருளைக்கிழங்கு மாதிரி, மேலே வெந்து நடுவில் பச்சையாக இருக்கும். இதுவும் அப்படித்தான் இருந்தது. சீவிச் சாயமேற்றினாள். ஓரம் தெளிவு; நடுவெல்லாம் கலங்கிய மை.

பெரிய டாக்டர் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார். “ஓரத்துல தெரியறது போதும். டிபிதான். இன்னும் ஆறு மாசம் மாத்திரை சாப்பிடட்டும்.”

பதிவேட்டில் சில்லின் தரத்துக்கென்று ஒரு கட்டம் இருந்தது. அதில் மெழுகக்கா கையெழுத்துப் போடாமல் ரிப்போர்ட் வெளியே போகாது. அவள் எழுதினாள்: ‘நடுப்பகுதி பதப்படவில்லை. படிக்கத் தகுதியில்லை.’

“நோய் என்னன்னு நீங்க சொல்லப்போறீங்களா?”

“நோய் நீங்க சொல்லுங்க சார். வெட்டு சரியில்லைன்னு நான் சொல்றேன். அது என் வேலை.”

“அந்தப் பொண்ண மறுபடி அறுக்கச் சொல்றீங்க. அதுலயும் டிபின்னு வந்தா?”

அந்தக் கேள்வி அவளைக் குத்தாமல் இல்லை. இன்னொருத்தி பெற்ற பிள்ளையின் கழுத்து. வேலை போனாலும் போகும்.

“வந்தா, அவ கால்ல விழுறேன். இதுல கையெழுத்து மட்டும் போட மாட்டேன்.”

“அடிச்சுட்டு எழுதுங்க.”

“மாட்டேன் சார். வேணும்னா என் கட்டத்துல நீங்களே கையெழுத்துப் போடுங்க.”

பேனாவை நீட்டினாள். டாக்டர் பேனாவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு மறுபடி மைக்ரோஸ்கோப்பில் குனிந்து வெகுநேரம் நிமிரவில்லை. நிமிர்ந்ததும் அறுவை டாக்டருக்குப் போன் போட்டார். காலர் எலும்புக்கு மேலே இதைவிடப் பெரிய கட்டி ஒன்று இருக்கிறதாம்; ஆழத்தில் இருந்ததால், கைக்கு எட்டியதை எடுத்தார்களாம்.

அடுத்த வாரம் அதை எடுக்கும் அன்று அறுவை அறை வாசலில் மெழுகக்கா புது பிளேடும் தட்டும் வைத்துக்கொண்டு நின்றாள்.

“இங்க உங்களுக்கு என்ன வேலை?” என்றாள் நர்ஸ்.

“கட்டி வெளிய வரட்டும். பாட்டிலுக்கு முன்னாடி என் கைக்கு வரணும்.”

வந்தது. ஒரே இழுப்பில் பிளந்து, மெல்லிய வில்லைகளாக்கி ஃபார்மலினில் போட்டாள். வெளியே காத்திருந்த கண்டக்டரின் அம்மா ஓடிவந்தார். “என்னம்மா இருக்கு அதுல?”

“அத டாக்டர் சொல்லுவாரும்மா. இந்தத் தடவ நடுவரைக்கும் தெரியும். அதுக்கு நான் பொறுப்பு.”

தெரிந்தது. டிபி இல்லை, நிணநீர்ப் புற்று. கூடுதல் சாயங்கள் போட்டு வகையையும் உறுதிசெய்தார்கள். கடுமையான மருந்துதான், ஆனால் பெரும்பாலோர் குணமாகிற வகை என்றார் பெரிய டாக்டர்.

அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதார். கழுத்தில் இரண்டு கட்டுப் போட்டிருந்த மகள் அழவில்லை.

“ஆறு மாசம் என்னைத் தப்பான பஸ்ஸுல ஏத்தி விட்டிருக்காங்க. இன்னொரு ஆறு மாசத்துக்கு நீங்களும் டிக்கெட் கிழிக்கப் பாத்தீங்களாமே?” என்றாள் டாக்டரிடம்.

டாக்டர் தலைகுனிந்தார். “ஆமாம்மா.”

“அழாதம்மா, எந்திரி” என்றாள் மகள். “மருந்து என்னிக்கு ஆரம்பிக்கறதுன்னு கேளு.”